நோய் தணிந்தால் ஆயுள் நீளுமா? மீண்டுவந்த இரத்தப் புற்றில் கூட்டு மருந்துகளின் கணக்கு

1. கேள்வி

கடும் மைலாய்டு லுகேமியா முதல் சிகிச்சைக்கு அடங்காமல் போகலாம். அடங்கியபின் மீண்டும் தலைதூக்கலாம். அப்போது மருத்துவர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் ஒரு சுருக்கப்பெயர். ஃப்ளாக், ஃப்ளாக்-ஐடா, மெக், கிளாக்-எம், ஹாம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் சில மருந்துகளின் முதலெழுத்துக் கோவை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் சைட்டராபின் என்ற ஒரே மருந்து நிற்கிறது. சுற்றியிருக்கும் துணை மருந்துகள்தான் மாறுகின்றன. ஒரு நோயாளிக்கு எந்தக் கூட்டு கிடைக்கும் என்பதை அவருடைய நோயைவிட அவர் போய்ச் சேர்ந்த மருத்துவமனையின் பழக்கமே பல நேரம் தீர்மானிக்கிறது. இவற்றில் ஒன்று மற்றவற்றைத் தெளிவாக வென்றிருந்தால் இத்தனை பெயர்கள் பிழைத்திருக்க முடியாது. பெயர்ப் பெருக்கமே ஒரு சான்றுதான்.

மருந்துகளைக் கூட்டினால் நோய்த்தணிவு பெறுவோர் எண்ணிக்கை கூடுகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தணிவு ஆயுளாக மாறுகிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பெரியவர்களின் மைலாய்டு லுகேமியாவைப் பொறுத்தவரை, அடுத்து ஒரு சிகிச்சை காத்திராத இடத்தில் அது மாறவில்லை என்றே கிடைக்கும் சான்றுகள் சொல்கின்றன. குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் கதை வேறு. இரண்டையும் ஒரே நோயாகப் பேசும் வழக்கம் பல குழப்பங்களுக்குக் காரணம்.

இங்கே ‘முழுத் தணிவு’ என்பது குணம் அல்ல. எலும்பு மஜ்ஜையில் முதிராத புற்றணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்புவதையே மருத்துவம் அப்படி அழைக்கிறது. நுண்ணோக்கியில் தெரியாத கோடிக்கணக்கான புற்றணுக்கள் அப்போதும் உடலில் இருக்கக்கூடும்.

2. கூட்டின் தர்க்கம் எங்கிருந்து வந்தது

1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், கடும் லுகேமியா கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததைப் பதிவுசெய்தார். அவர்களில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அந்த மருந்து, லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக் கடல் கடந்தவர் அவர்; இந்தக் கதையில் அவர் பெயர் இங்கே இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. ஆனால் அந்த முன்னேற்றம் எல்லாமே தற்காலிகமானது. சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பியது. திரும்பியபின் அதே மருந்துக்கு மசியவில்லை.

ஏன் மசியவில்லை என்பதற்கு 1952இல் லாய்டு லா எலிகளில் செய்த சோதனை விடை தந்தது. மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. எதிர்க்கும் அணுக்கள் தற்செயலான மரபணு மாற்றத்தால் முன்பே அங்கே இருக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. இதிலிருந்து ஓர் எளிய கணக்கு பிறக்கிறது. முதல் மருந்தை எதிர்க்கும் அணு பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டாவதை எதிர்க்கும் அணுவும் பத்து லட்சத்தில் ஒன்று என்று கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டையும் எதிர்க்கும் அணு லட்சம் கோடியில் ஒன்றுதான். நோய் கண்டறியும் வேளையில் உடலில் இருக்கும் லுகேமியா அணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அந்த அளவே. மூன்றாவது மருந்தைச் சேர்த்தால் தப்பிக்கும் அணு இருக்க வாய்ப்பே இல்லை என்று காகிதத்தில் நிறுவிவிடலாம்.

காசநோயில் இது காகிதத்தோடு நிற்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற மருந்தைச் சேர்த்தால் எதிர்ப்பு தலைகாட்டுவது வெகுவாகக் குறைவதை பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழு 1950இல் காட்டியிருந்தது. அதே கூட்டுச் சிகிச்சை மரபை 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நோயாளிகளின் வீடுகளுக்கே கொண்டுபோனது.

லுகேமியாவுக்கு இந்தத் தர்க்கத்தைப் பொருத்தியவர்களில் அலபாமாவின் ஹோவர்டு ஸ்கிப்பர் முக்கியமானவர். ஒரே ஒரு லுகேமியா அணுவைச் செலுத்தினாலும் எலி செத்துப்போகும் என்பதையும், ஒரு தவணை மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையை அல்ல, குறிப்பிட்ட விகிதத்தையே கொல்லும் என்பதையும் அவர் அளந்து காட்டினார். நோய் கண்ணுக்கு மறைந்த பிறகும் சிகிச்சை தொடர வேண்டும் என்ற நியதி அங்கிருந்து வந்தது. எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். அந்த வின்கிரிஸ்டின் நம் ஊர்க் கல்லறைகளிலும் வேலியோரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. மெம்ஃபிசில் டொனால்டு பிங்கெல் இதோடு மூளைத் தண்டுவடப் பகுதிக்கான சிகிச்சையையும் இணைத்தார். பத்தாண்டு முடிவதற்குள் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குணப்படுத்த முடியும் என்ற நிலை வந்தது. மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. அதன் ஒளியில்தான் பின்வந்த எல்லாக் கூட்டுகளும் வடிவமைக்கப்பட்டன. 1973இல் மைலாய்டு லுகேமியாவுக்கு வந்த ‘ஏழும் மூன்றும்’ முறையும் அவற்றில் ஒன்று: ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் டானோரூபிசின்.

3. வெற்றிக்கு வேறொரு விளக்கம்

கூட்டு மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மேற்சொன்ன விளக்கம் ஒன்றுதானா? 2017இல் ஹார்வர்டின் ஆடம் பால்மரும் பீட்டர் சார்கரும் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றை முன்வைத்தது. பல புற்றுநோய்க் கூட்டுகளின் பலனை விளக்க, மருந்துகள் ஒரே உடலுக்குள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று எண்ணவே தேவையில்லை. நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாடே போதும் என்பது அவர்கள் வாதம்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நூறு பேரில் 30 பேருக்கு முதல் மருந்து வேலை செய்கிறது. இரண்டாவதும் 30 பேருக்கு; இரு குழுக்களுக்கும் தொடர்பில்லை. இரண்டையும் எல்லோருக்கும் கொடுத்தால் 51 பேருக்குப் பலன் கிடைக்கும். அவர்களில் 42 பேருக்கு உண்மையில் உதவியது ஏதோ ஒரு மருந்துதான். மற்றது நச்சுச் சுமை மட்டுமே. யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டையும் கொடுக்கிறோம். ஃப்ரையும் அவர் குழுவினரும் 1961இலேயே மெர்காப்டோபியூரின், மெத்தோட்ரெக்சேட் கூட்டின் பலனை ஏறத்தாழ இப்படித்தான் புரிந்துகொண்டார்கள் என்பதைப் பால்மரும் சார்கரும் நினைவூட்டுகிறார்கள். பின்வந்தவர்கள் அதை மறந்து, ‘ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும் மருந்துகள்’ என்ற கவர்ச்சியான பேச்சுக்குப் போய்விட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீண்டுவந்த நோய்க்கு இந்த விளக்கம் முக்கியமானது. அந்த நோயாளி முதல் சுற்றிலேயே சைட்டராபினையும் டானோரூபிசின் போன்ற ஓர் ஆந்த்ராசைக்ளினையும் பார்த்துவிட்டார். அவற்றுக்கு முழுமையாக மசியக்கூடிய நோய் கொண்டவர்கள் குணமாகி வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள், அந்த மருந்துக் குடும்பம் போதாதவர்கள். அவர்களுக்கு அதே குடும்பத்தின் உறவினர்களை அதிக அளவில் சேர்த்துக் கொடுக்கும்போது ‘ஒன்றையொன்று சாராத வாய்ப்புகள்’ என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

4. திரும்பிவந்த நோயின் உடற்கூறு

2012இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள், எட்டு மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் முழு மரபணுத் தொகுதியை நோய் கண்டறிந்தபோதும் மீண்டபோதும் வரிசைப்படுத்தி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு பாதைகள் தெரிந்தன. சிலரிடம் ஆதி அணுக்கூட்டமே புதிய மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பியது. மற்றவர்களிடம் முதலில் சிறு கிளையாக இருந்த ஒன்று, சிகிச்சைக்குத் தப்பி, மேலும் மாற்றங்கள் பெற்றுப் பெருகியது. மீண்ட நோயில் புதிதாக வந்த மரபணு மாற்றங்களின் வகை, அவற்றில் ஒரு பகுதி கீமோதெரபியாலேயே விளைந்திருக்கக்கூடும் என்று காட்டியது. லாய்டு லா சொன்ன தேர்வுக்கு மேலே இன்னொரு தளம் இது.

லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. மீண்ட நோயின் அணுக்களில் என்டி5சி2 என்ற நொதியின் மரபணு மாறியிருப்பதை 2013இல் வெளியான ஆய்வுகள் கண்டன. மாறிய நொதி, மெர்காப்டோபியூரின் அணுவுக்குள் பெறும் செயல்வடிவத்தைச் சிதைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு எதிராகவே அணு தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பின் வழி தெரிந்துவிட்டால் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் ஒருகாலத்தில் இருந்தது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தை 1976இல் ஜூலியானோவும் லிங்கும் கண்டறிந்தார்கள். அதைத் தடுக்கும் மருந்தை மெக் கூட்டோடு சேர்த்தால் மீண்ட நோய் மசியும் என்று எதிர்பார்த்தது நியாயமே. வால்ஸ்போடார் என்ற தடுப்பானை வைத்து அமெரிக்கக் கூட்டுறவுக் குழு நடத்திய சமவாய்ப்பு ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. அந்தத் தடுப்பான் மற்ற மருந்துகள் உடலைவிட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்தியதால் அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுத்துக்கொண்ட கதை. புற்றணுவுக்கு வெளியேற ஒரு வாசல்தான் உண்டு என்ற அனுமானமே பிழையாக இருந்தது.

5. ஃப்ளாக்: அழகான கருத்து, கலங்கலான சான்று

கூட்டுகளில் அறிவியல் அடிப்படை மிகத் தெளிவானது ஃப்ளாக்தான். சைட்டராபின் அணுவுக்குள் நுழைந்து மூன்று பாஸ்பேட் பெற்ற வடிவமாக மாறினால்தான் கொல்லும். ஃப்ளுடாராபினை முன்னதாகக் கொடுத்தால், அந்த அணுவுக்குள் சைட்டராபினின் செயல்வடிவம் கூடுதலாகத் திரள்கிறது என்பதை ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் வர்ஷா காந்தியும் வில்லியம் பிளங்கெட்டும் அளந்தார்கள். அதனால் முதலில் ஃப்ளுடாராபின், ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து அதிக அளவு சைட்டராபின். இதோடு வெள்ளணு வளர்ச்சிக் காரணியையும் சேர்க்கிறார்கள். உறங்கும் புற்றணுக்களைப் பிளவுச் சுழற்சிக்குள் இழுத்து மருந்துக்கு முன்னால் நிறுத்துவது அதன் நோக்கம். இடாரூபிசின் சேர்ந்தால் ஃப்ளாக்-ஐடா.

ஆய்வகத்தில் மறுக்க முடியாத இந்தக் கருத்து, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது என்ன ஆனது? பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழு, மீண்ட நோயும் மசியாத நோயும் கொண்டவர்கள் உட்பட ஆபத்து மிகுந்த 405 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தது. ஒரு சாராருக்கு ஃப்ளுடாராபினும் சைட்டராபினும். மற்றவர்களுக்கு சைட்டராபின், டானோரூபிசின், எட்டோபோசைடு என்ற பழைய கூட்டு. வளர்ச்சிக் காரணியின் பலனும் தனியே அளக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி நோய்த்தணிவில் வேறுபாடு இல்லை. நான்காண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஃப்ளுடாராபின் பக்கம் 16 சதவீதம், பழைய கூட்டின் பக்கம் 27 சதவீதம். வளர்ச்சிக் காரணியாலும் நன்மை தெரியவில்லை.

ஃப்ளாக்-ஐடாவை ஆதரிப்பவர்கள் இதற்கு இரண்டு மறுமொழி சொல்வார்கள். அந்த ஆய்வில் இடாரூபிசின் இல்லை என்பது ஒன்று. முதல் சிகிச்சையாக ஃப்ளாக்-ஐடா தரப்பட்ட அடுத்த பிரிட்டன் ஆய்வில், 2013இல் வெளியான ஏஎம்எல்15இல், நோய் மீள்வது 55 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் பின்னதில் மொத்த ஆயுட்காலம் அந்த அளவுக்குக் கூடவில்லை; இரத்த அணுக்கள் மீளத் தாமதமானது. அதைவிட முக்கியமாக, முதல்முறை மருந்து காணும் நோயில் கிடைத்த பலனை மீண்டுவந்த நோய்க்கு அப்படியே கடன் கொடுக்க முடியாது. முந்தைய பகுதியில் பார்த்த மரபணுச் சான்றுகள் சொல்வதும் இதுவே. மீண்ட நோயில் ஃப்ளாக்-ஐடா பெற்றிருக்கும் செல்வாக்கு, பெரும்பாலும் ஒற்றைக் குழு ஆய்வுகளிலிருந்தும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்தும் வந்தது. அங்கே யாருக்கு இந்தக் கூட்டைக் கொடுப்பது என்பதை மருத்துவரே தேர்கிறார். தாங்கக்கூடிய உடல்நிலை கொண்டவர்களே பெரும்பாலும் தேரப்படுகிறார்கள். நல்ல முடிவு மருந்தினுடையதா, தேர்வினுடையதா என்று அந்தப் பதிவேடுகளால் சொல்ல முடியாது.

6. தணிவு இரட்டித்தது, ஆயுள் அசையவில்லை

இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாக விடை சொல்பவை மூன்று பெரிய ஆய்வுகள்.

முதலாவது கிளாசிக்-1. 55 வயதும் அதற்கு மேலும் உள்ள, மீண்ட அல்லது மசியாத மைலாய்டு லுகேமியா நோயாளிகள் சுமார் 320 பேர். எல்லோருக்கும் சைட்டராபின், பாதிப் பேருக்கு அதோடு குளோஃபராபின், மற்றவர்களுக்கு வெற்று மருந்து. முழுத் தணிவு 18 சதவீதத்திலிருந்து 35 சதவீதமானது, ஏறத்தாழ இரட்டிப்பு. இடைநிலை ஆயுட்காலம் கூட்டுப் பெற்றவர்களுக்கு 6.6 மாதம், பெறாதவர்களுக்கு 6.3 மாதம். முதல் முப்பது நாளில் இறந்தவர்களின் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்: கூட்டுப் பக்கம் 16 சதவீதம், தனி மருந்துப் பக்கம் 5 சதவீதம். தணிவில் கிடைத்ததை நச்சுத்தன்மை வசூலித்துக்கொண்டது.

இரண்டாவது வேலர், 2015. சைட்டராபினோடு வோசராக்சின் சேர்த்துச் சோதித்த 711 பேர். முழுத் தணிவு 16 சதவீதத்திலிருந்து 30 சதவீதம். இங்கே தொடக்க மரணங்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். ஆயுட்காலம் 6.1 மாதத்திலிருந்து 7.5 மாதமாக நகர்ந்தது. முன்கூட்டி நிர்ணயித்த முதன்மைக் கணக்கில் அந்த வேறுபாடு தற்செயலைத் தாண்டவில்லை. வேறு விதமாகப் பிரித்துக் கணக்கிட்டால் தாண்டுகிறது என்றும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதை வெற்றி என்று படிப்பவர்கள் உண்டு. ஒன்றரை மாதத்துக்கும் குறைவான இந்த ஆதாயத்தின் கணிசமான பகுதி மருத்துவமனைப் படுக்கையில் கழிந்திருக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன்.

மூன்றாவது ஆய்வு 2014இல் வெளியானது, 381 பேர். சைட்டராபினின் மாற்று வடிவமான எலாசைட்டராபினை, மருத்துவர் தம் விருப்பப்படி ஏழு முறைகளிலிருந்து தேரும் சிகிச்சையோடு ஒப்பிட்டது. ஆயுட்காலம் 3.5 மாதம், 3.3 மாதம். புதிய மருந்து தோற்றது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த ஏழில் அதிக அளவு கூட்டுகளும் இருந்தன, மிதமான தனி மருந்துகளும் இருந்தன. அனுபவம் வாய்ந்த மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துத் தேர்ந்தும் எதுவும் மற்றதை மிஞ்சவில்லை.

அப்படியானால் யார் பிழைப்பார் என்பதை எது தீர்மானிக்கிறது? 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முதல்முறை நோய் மீண்ட 667 பேரின் தரவிலிருந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். தணிவுக்கும் மீள்வுக்கும் இடைப்பட்ட காலம், புற்றணுவின் குரோமோசோம் வகை, வயது, முன்பு மஜ்ஜை மாற்று நடந்ததா என்பவை மட்டுமே அதில் உண்டு. எந்தக் கூட்டு மருந்து கொடுத்தார்கள் என்பது அதில் இல்லவே இல்லை. இருந்தும் அது நோயாளிகளைப் பிரிக்கும் விதம் கூர்மையானது: ஐந்தாண்டு உயிர்வாழ்வு நல்ல குழுவில் 46 சதவீதம், நடுக்குழுவில் 18, மோசமான குழுவில் 4. பெரும்பாலானோர் அந்தக் கடைசிக் குழுவில் இருந்தார்கள்.

7. பாலம் என்ற வாதம்

மேற்கண்ட வாசிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீண்ட நோயில் கீமோதெரபி குணப்படுத்தும் என்று யாரும் சொல்லவில்லை. மஜ்ஜை மாற்றுக்குப் போய்ச் சேர அது பாலம். தணிவு பெறாதவர் பாலத்தைக் கடக்க முடியாது. ஆகவே தணிவை இரட்டிப்பாக்கும் எதுவும் மதிப்புள்ளது. தகுந்த உடல்நிலையும் கொடையாளியும் உள்ள இளவயதினருக்கு இது நியாயமான வாதம். கிளாசிக்-1இல் சேர்ந்தவர்கள் வயதானவர்கள். அவர்களில் மாற்றுக்குப் போகக்கூடியவர்கள் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வாதமும் இப்போது சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. ஜெர்மனியில் நடந்த அசாப் ஆய்வு 2024இல் வெளியானது. மீண்ட அல்லது மசியாத நோயுள்ள 281 பேரில் ஒரு சாராருக்கு முதலில் ஹாம் கூட்டு, அதாவது அதிக அளவு சைட்டராபினும் மைட்டோசான்ட்ரோனும், பிறகு மாற்று. மற்றவர்களுக்குத் தணிவை எட்டும் முயற்சியே இல்லை. தேவைப்பட்டால் மட்டும் நோயைக் கட்டுக்குள் வைக்கும் மிதமான மருந்து, கொடையாளி தயாரானதும் நேராக மாற்றுக்கான தயாரிப்பு. மாற்று நடந்து 56ஆம் நாளில் நோயின்றி இருந்தவர்கள் இரு பக்கமும் 80 சதவீதத்துக்குச் சற்று மேல். ‘நேர்வழி எந்த வகையிலும் குறைந்ததல்ல’ என்று கறாரான புள்ளியியல் அளவுகோலில் நிறுவ முடியவில்லை என்பதை ஆய்வாளர்களே பதிவுசெய்கிறார்கள். முதலில் கூட்டு மருந்து கொடுத்தது மேலானது என்றும் காட்ட முடியவில்லை.

இந்த ஆய்வைக் கண்மூடி எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. கொடையாளியைச் சில வாரங்களில் கண்டுபிடித்து, படுக்கையும் பணமும் தயாராக வைத்திருக்கும் அமைப்பில் நடந்தது அது. கொடையாளித் தேடலே மாதக்கணக்கில் இழுக்கும் இடத்தில் இடைக்காலத்தில் நோயை அடக்க ஏதாவது வேண்டியிருக்கும். பாலம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது மறுகரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

8. இரண்டு விலக்குகள்

கூட்டு மருந்தே வீண் என்று இதுவரை சொன்னதை யாரும் படித்துவிடக் கூடாது. குழந்தைகளின் மீண்ட லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் நடந்த ஆர்3 ஆய்வு அதற்கு நேர் எதிரான பாடம். பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் 216 குழந்தைகள். கூட்டின் மற்ற மருந்துகள் எல்லாம் ஒன்றே. ஒரு சாராருக்கு இடாரூபிசின், மற்றவர்களுக்கு அதன் இடத்தில் மைட்டோசான்ட்ரோன். மூன்றாண்டில் நோய் முன்னேறாதிருந்தவர்கள் இடாரூபிசின் பக்கம் 36 சதவீதம், மைட்டோசான்ட்ரோன் பக்கம் 65 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் 45 சதவீதம், 69 சதவீதம். வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் சமவாய்ப்புப் பிரிப்பு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இதில் வியப்பு என்னவென்றால், தொடக்கத் தணிவிலும் எஞ்சிய நுண்ணிய நோயின் அளவிலும் இரு பக்கமும் பெரிய வேறுபாடு இல்லை. பலன் பின்னால்தான் தெரிந்தது. மைலாய்டு நோயில் தணிவு கூடியும் ஆயுள் கூடவில்லை. இங்கே தணிவு கூடாமலே ஆயுள் கூடியது. தணிவு விகிதத்தை மட்டும் பார்த்து மருந்தை எடைபோட்டிருந்தால் இரண்டு இடத்திலும் தவறான முடிவுக்கே வந்திருப்போம். பெரியவர்களுக்கு இந்த ஆறுதல் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் இணைந்து நடத்திய ஆய்வில், நோய் மீண்ட 609 பெரியவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 7 சதவீதமே.

இரண்டாவது விலக்கு, மைலாய்டு குடும்பத்தின் ஒரு தனிக் கிளையான புரோமைலோசைட்டிக் லுகேமியா. ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற ஒற்றை மருந்து, மீண்ட நோயில் பெரும்பாலானோருக்குத் தணிவு தந்ததை 1998இல் நியூயார்க்கிலிருந்து வந்த சிற்றாய்வு காட்டியது: 12 பேரில் 11 பேர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு படி மேலே போனது. புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டுமே அடிப்படையாக வைத்துச் சிகிச்சையளித்து, ஐந்தாண்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் உயிரோடிருந்ததை 2010இல் வெளியிட்டது. வழக்கமான கூட்டுகளின் செலவைத் தாங்க முடியாத நோயாளிகளின் நிலையே அந்த முயற்சிக்குத் தூண்டுதல். நோயைப் பிறப்பிக்கும் புரதத்தையே நேராகத் தாக்கும் மருந்து கிடைத்துவிட்டால் எண்ணிக்கைக்கு அவசியம் குறைகிறது.

9. ஒப்பீட்டுக் குழுவாக மாறிய கீமோதெரபி

கடந்த பத்தாண்டில் கூட்டுக் கீமோதெரபி பெரும்பாலும் புதிய மருந்துகள் மோதிப் பார்க்கும் எதிரணியாகவே ஆய்வுகளில் தோன்றுகிறது. எஃப்எல்டி3 மரபணு மாற்றம் உள்ள மீண்ட மைலாய்டு நோயில் கில்டெரிட்டினிப் மாத்திரை, மெக், ஃப்ளாக்-ஐடா உள்ளிட்ட கீமோவை 2019இல் வென்றது: இடைநிலை ஆயுட்காலம் 9.3 மாதம், 5.6 மாதம். லிம்ஃபோபிளாஸ்டிக் நோயில் பிளினட்டுமோமாப் 2017இல் 7.7 மாதம், கீமோ 4.0 மாதம். குழந்தைகளிலும் இளையோரிலும் பிளினட்டுமோமாப் பெற்றவர்களின் நிலை மேலாக இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் எல்லோரும் முதலில் பெற்றது ஆர்3 ஆய்வின் மைட்டோசான்ட்ரோன் கூட்டைத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. புதியது பழையதை விரட்டவில்லை. அதன் மேல் ஏறி நின்றது.

இந்த எண்களையும் மிகைப்படுத்திப் படிக்க வேண்டாம். நான்கு மாதம் ஏழு மாதமாவது முன்னேற்றம், குணமல்ல.

10. இங்கே

வேலூர் மருத்துவமனைக்கு ஓராண்டில் வந்த, புதிதாக மைலாய்டு லுகேமியா கண்டறியப்பட்ட 380 பேரில் வழக்கமான தொடக்கச் சிகிச்சையை எடுக்க முடிந்தவர்கள் 109 பேர் என்று 2015இல் வெளியான அதன் கட்டுரை சொல்கிறது. பெரும்பாலோருக்குப் பணமே தடை. முதல் சிகிச்சைக்கே இந்த நிலை என்றால், மீண்ட நோய்க்கான இரண்டாம் சிகிச்சை எத்தனை குடும்பங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சைட்டராபினின் விலை இங்கே பெரிய பிரச்சினை அல்ல. வெள்ளணு அடியோடு இறங்கிக் கிடக்கும் வாரங்களில் தேவைப்படும் தட்டணுக்களும், கிருமி எதிர்ப்பு மருந்துகளும், பூஞ்சைத் தொற்றுக்கான மருந்துகளும், தனி அறையுமே செலவைப் பெருக்குகின்றன. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் நம் மருத்துவமனைகளில் பரவியிருக்கும் சூழலில், மேலை நாட்டு ஆய்வு காட்டும் தொடக்க மரண விகிதத்தைவிட இங்கே கூடுதலாக எதிர்பார்ப்பதே விவேகம். 2023இல் இந்தியாவிலேயே உருவாகி ஒப்புதல் பெற்ற கார்-டி சிகிச்சை பி-அணு லுகேமியாவுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. மைலாய்டு நோயாளிகளுக்கு அது உதவாது.

சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. பெரியவர்களின் மீண்ட மைலாய்டு லுகேமியாவில், கொடையாளியும் மாற்றுக்கான வழியும் கண்ணெதிரே இருந்தால் அதிக அளவுக் கூட்டு ஒரு நியாயமான தேர்வு. அப்போதும் எந்தக் கூட்டு என்பது இரண்டாம்பட்சம். அந்த வழி இல்லாதவருக்கு, வீட்டில் கழிக்கக்கூடிய மிதமான சிகிச்சையும், வலியும் காய்ச்சலும் தணிக்கும் பராமரிப்பும் குறைந்த தேர்வு அல்ல. குழந்தைகளின் மீண்ட லிம்ஃபோபிளாஸ்டிக் நோயில் கூட்டு மருந்தை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நோயாளியின் குடும்பத்தார் மருத்துவரிடம் வழக்கமாகக் கேட்பது “இந்த மருந்துக்கு நோய் அடங்குமா?” என்பது. அதோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள்: அடங்கினால் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்கான கொடையாளியும் பணமும் படுக்கையும் இப்போதே தயாரா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.